சார்ட்டில் கடைசி இரண்டு நாள் எங்கே?

கேள்வி: பால் சேகரிப்பு மையத்தின் தினசரி லிட்டர் கணக்கு எக்செல்லில் இருக்கிறது. ஆஃப்செட் (OFFSET), கவுண்ட்ஏ (COUNTA) என்ற இரண்டு ஃபார்முலாவையும் சேர்த்து, லிட்டர் கட்டங்களின் ரேஞ்சுக்குப் பெயர் வைத்து சார்ட் போட்டேன். கடைசி இரண்டு நாள் மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஏன்?

பதில்: நடுவில் இரண்டு நாள் லிட்டர் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பீர்கள். கவுண்ட்ஏ காலிக் கட்டத்தை எண்ணாது; அது எண்ணிச் சொல்லும் அத்தனை வரியைத்தான் ஆஃப்செட் மேலிருந்து எடுக்கும். நடுவில் இரண்டு காலி என்றால் வாலில் இரண்டு வரி வெட்டு! நானும் இதில் மாட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன்தான். லிட்டருக்குப் பதில் தேதிப் பத்தியை எண்ணச் சொல்லுங்கள். அதில் காலி விழாது. தலைப்பு வரிக்காக 1 கழிக்க மறக்காதீர்கள்.

சரியா என்று பார்க்க, எஃப்5 அழுத்திப் பெயரை டைப் செய்து என்டர் தட்டுங்கள். எந்தக் கட்டம் வரை தேர்வாகிறதோ, அதுவரைதான் சார்ட்டுக்கும் கணக்கு.

இன்னொன்று. பெயரை ‘சார்ட் டேட்டா ரேஞ்ச்’ பெட்டியில் போட்டால் அது அப்போதே நிலையான முகவரியாகிவிடும். ‘சீரிஸ் வேல்யூஸ்’ பெட்டியில்தான் போட வேண்டும்: முதலில் ஷீட் பெயர், ஒரு ஆச்சரியக்குறி, பிறகு உங்கள் பெயர்.

என்னைக் கேட்டால், கன்ட்ரோல் டி அழுத்தி டேபிளாக மாற்றிவிட்டு அதிலிருந்து சார்ட் போடுங்கள். இந்த வம்பே கிடையாது.