ஒரு பிழை, ஐந்து நோட்டு

கேள்வி: எஸ்டேட் லயத்தில் குடியிருக்கிறோம். மகள் தமிழ் மீடியத்தில் பத்தாம் வகுப்பு. அவளும் நாலு தோழிகளும் வாட்ஸ்அப்பில் நோட்ஸ் அனுப்பிக்கொள்கிறார்கள். ஒருத்தி வீட்டுக்கணக்கைப் போட்டுப் படம் எடுத்து அனுப்ப, மற்றவர்கள் அப்படியே எழுதிவிடுகிறார்கள். கம்பம் டவுனில் வாங்கிய கைடும், 2024-ல் பரீட்சை எழுதிய பக்கத்து லயத்து அக்காவின் நோட்டும் இருக்கின்றன. இதையெல்லாம் நிறுத்தச் சொல்லவா?
- ஒரு தாய், வண்டிப்பெரியாறு, கேரளம்

பதில்: நிறுத்த வேண்டாம், சகோதரி. டியூஷனுக்கே பஸ் ஏறிப் போகவேண்டிய ஊரில் ஐந்து பிள்ளைகள் சேர்ந்து படிப்பது பெரிய பலம். எதைப் பகிர்கிறார்கள் என்பதை மட்டும் சரிசெய்ய வேண்டும்.

முதலில் அந்தக் கைடு. கம்பத்தில் கிடைப்பது தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கானது. மொழி ஒன்றுதான், பாடம் வேறு. அங்கே பத்தாம் வகுப்புக் கணக்கு 'உறவுகளும் சார்புகளும்' என்று தொடங்கும். கேரளத்தில் அது பிளஸ் ஒன்னில்தான் வரும். கலைச்சொற்களும் சில இடங்களில் மாறும். கைடில் படித்த சொல்லை மனதில் வைத்துக்கொண்டு போகும் பிள்ளை, பரீட்சைத் தாளில் வேறு சொல்லைப் பார்த்தால், தெரிந்த கணக்கிலேயே தடுமாறும். கைடை ஓரமாக வைத்துவிடுங்கள்.

அக்காவின் நோட்டும் அப்படியே பயன்படாது. கேரளத்தில் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் 2025-26 கல்வியாண்டில் மாறிவிட்டன. அந்த நோட்டைப் புதுப் புத்தகத்தின் பொருளடக்கத்தோடு ஒத்துப்பார்த்து, பொருந்தும் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். பழைய கொஸ்டீன் பேப்பர்களுக்கும் இதே சோதனைதான். பாடநூல் தயாரிக்கும் அரசு அமைப்பான கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. தமிழ் மீடியம் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்துக்குப் போகும்போது ஒருத்தி இறக்கிக்கொண்டால், மற்ற போன்களுக்கு நெட் இல்லாமலே மாற்றிவிடலாம்.

எனக்குக் கவலை தருவது வீட்டுக்கணக்குதான். 5, 8, 11 என்று போகும் தொடரில் 20-வது எண் என்ன? முதல் எண்ணிலிருந்து 19 தாவல்கள்; 5 + 19 × 3 = 62. அவசரத்தில் 20-ஆல் பெருக்கினால் 65 வரும். பிள்ளைகள் அடிக்கடி செய்யும் பிழை இது. ஒருத்தி 65 என்று அனுப்பினால் ஐந்து நோட்டிலும் 65 உட்கார்ந்துவிடும். சரியான விடையைப் பார்த்து எழுதினாலும் ஏன் 19 என்பது மற்ற நால்வருக்கும் தெரியாது. கணக்கில் 100-க்கு 80 எழுத்துத் தேர்வு, 20 சி.இ. மார்க் (பள்ளியிலேயே போடும் தொடர் மதிப்பீடு). அந்த 80-ஐ ஒவ்வொருத்தியும் தனியாக உட்கார்ந்துதான் எழுத வேண்டும்.

அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளட்டும். கணக்கைத் தானாக 15 நிமிஷம் முயன்றபிறகுதான் குரூப்பில் கேட்க வேண்டும். கேட்கும்போது தான் போட்ட வரிகளைப் படமெடுத்து, நின்றுபோன வரியைச் சுழித்து அனுப்ப வேண்டும். உதவுகிறவள் அடுத்த ஒரு வரியை மட்டும், ஏன் அப்படி என்று வாய்ஸ் மெசேஜில் சொல்லட்டும். 'முதல் எண்ணை ஏற்கெனவே எழுதிட்டோம்ல, இன்னும் எத்தனை தாவணும்?' என்று கேட்டாலே போதும். முடித்ததும் எண்களை மாற்றி, நோட்டை மூடிவைத்து இன்னொரு முறை போட வேண்டும். 7, 11, 15 தொடரின் 30-வது எண் 123 என்று தானாக வந்தால் விஷயம் புரிந்துவிட்டது. சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்கும் இதில் லாபம்தான். தனக்கு எங்கே தெளிவில்லை என்பது விளக்கும்போதுதான் தெரியவரும்.

கணக்குக்கு ஒருத்தி, வேதியியலுக்கு ஒருத்தி என்று பாடத்தைப் பங்கு போட்டுக் கேள்வி-பதில் எழுதுவது வேண்டாம். எழுதியவளுக்கு மட்டும் அந்தப் பாடம் வரும். பள்ளிக்கு வராத நாளின் கரும்பலகைக் குறிப்பு, படங்கள், வரைபடங்கள் இவற்றைத் தாராளமாகப் பகிரலாம். பகல் வெளிச்சத்தில், கை நிழல் விழாமல், நோட்டுக்கு நேர் மேலிருந்து படமெடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சிறிய எழுத்து மங்கும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் தெளிவு குறையாது. கோப்புக்குப் பாடத்தின் பெயரும் புத்தகப் பக்க எண்ணும் வைத்தால் பரீட்சை நேரத்தில் தேடி அலைய வேண்டியிருக்காது.