மூக்கின் கூரையில் தோன்றும் அரிய கட்டி: கேள்வி பதில்

திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்கு நோயியல் மருத்துவர் பதிலளிக்கிறார்.

உப்புவெளி வாசகி: வணக்கம் டொக்டர். அண்ணாவின் கழுத்துக் கட்டியில் ஊசி குத்திக் கலங்களை எடுத்தார்கள். அறிக்கையில் 'ஒல்பெக்டரி நியூரோபிளாஸ்டோமாவாக இருக்கலாம்' என்றும், மூக்கைப் பரிசோதிக்குமாறும் உள்ளது. கழுத்துக்கும் மூக்குக்கும் என்ன தொடர்பு?

பதில்: இந்தப் புற்றுநோய்க் கட்டி மூக்கறையின் கூரையில், மணத்தை உணரும் மென்படலத்தில் தோன்றுகிறது, பேர்ஜரும் லூக்கும் 1924இல் இதனை முதன்முதலாக விவரித்தனர். இது கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடியது என்பதால், சிலரிடம் கழுத்து வீக்கமே முதலில் கண்ணில் படுகிறது. மூக்கைப் பார்க்கச் சொன்னது மிகவும் சரியான ஆலோசனை, தங்கச்சி; அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கிண்ணியா ஆய்வுகூட மாணவர்: நுணுக்குக்காட்டியில் எதைக் கொண்டு அடையாளம் காண்கிறீர்கள், ஐயா?

பதில்: சிறிய, உருண்டையான, குழியவுரு மிகக் குறைந்த கலங்கள் கூட்டமாகத் தெரியும். அவை மட்டும் போதா. லிம்போமா (நிணநீர்த் தொகுதிப் புற்றுநோய்), யூவிங் சார்கோமா (எலும்பிலும் மென்னிழையங்களிலும் தோன்றும் புற்றுநோய்), ராப்டோமயோசார்கோமா (தசைப் புற்றுநோய்) ஆகியவற்றின் கலங்களும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். நான் தேடுவது கலங்களுக்கு இடையே உள்ளதை: சிலந்தி இழைபோல மெல்லிய நரம்பிழைப் பின்னணியும், அவ்விழைத் திரளைச் சூழ்ந்து கலங்கள் வளையமாக நிற்கும் ஹோமர் ரைட் ரோசெட்டும் தெரிந்தால் என் ஐயம் பெருமளவு தீர்கிறது. தகட்டில் மாதிரியை அழுத்தி இழுக்காதீர்கள். கருக்கள் நசிந்து நூலாகிவிட்டால் எவராலும் வாசிக்க முடியாது.

மூதூர் வாசகர்: அப்படியானால் ஊசிப் பரிசோதனையே முடிவா?

பதில்: இல்லை. எஞ்சிய கலங்களைத் திரட்டி மெழுகுக் கட்டியாக்கி, சினாப்டோபைசின், குரோமோகிரானின் ஆகிய சாயச் சோதனைகளைச் செய்கிறோம். இக்கட்டியில் அவை பெரும்பாலும் நேர்மறையாக வரும். லிம்போமாவை விலக்க சிடி45, தசைக் கட்டியை விலக்க டெஸ்மின் ஆகிய சாயச் சோதனைகளும் உண்டு. மூக்கினுள் உள்ள கட்டியிலிருந்து பயொப்சியும் (சிறு இழையத் துண்டெடுத்துச் சோதித்தல்) வேண்டும். ஆனால் ஸ்கேனுக்கு முன் அதனைத் தொடக்கூடாது, ஏனெனில் அங்கே தொங்குவது மூளையுறையின் பிதுக்கமாகவும் இருக்கலாம்.

தம்பலகாமம் வாசகி: நோயாளி என்னென்ன சொல்ல வேண்டும்?

பதில்: ஒருபக்க மூக்கடைப்பு, மூக்கிலிருந்து இரத்தம், மணம் தெரியாமை ஆகியவற்றைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒருமுறை 'கழுத்துக் கட்டி' என்ற இரண்டு சொற்களுடன் மட்டும் ஒரு மாதிரி வந்தது. லிம்போமா என எழுதவிருந்த நான், பின்னணியின் இழைகளைக் கண்டு நோயாளியை அழைத்துக் கேட்டேன். பக்கத்தில் கருவாடு பொரித்தாலும் பல மாதமாக மணமே தெரிவதில்லை என்றார் அவர். அதை அதுவரை ஒருவரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.