தக்காளிக்குக் கொண்டாட்டம், பனம்பழத்துக்குத் திண்டாட்டம்

கேள்வி: துபாயிலிருந்து வந்த தம்பி ஒரு ஸ்டாண்ட் மிக்சரும் (கேக் மாவு கலக்கிப் பிசையும் மெஷின்), அதன் முன்பக்கம் மாட்டிப் பழம், காய்கறி வடிக்கும் இணைப்பும் வாங்கி வந்திருக்கிறான். தக்காளி போட்டால் மேல் வாயில் சாறு தேங்கி நிற்கிறது, சக்கையும் சொதசொதவென்று வெளியே வருகிறது. ஊறவைத்த புளியைப் போட்டதும் கடகடவென்று சத்தம் போட்டு நின்றே விட்டது. இதை எப்படித்தான் பயன்படுத்துவது? மிளகாய் விழுது, மாம்பழக் கூழ், பனம்பழக் கூழ் எல்லாம் இதில் எடுக்கலாமா? (கீழக்கரை வாசகி)

பதில்: முதலில் புளி விஷயத்தை முடித்துவிடுவோம். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஓட்டைகள் போட்ட அந்தக் கூம்பைப் பிரித்துப் பாருங்கள். ஒரு புளியங்கொட்டையாவது உள்ளே சுற்றும் திருகுக்கும் கூம்புக்கும் நடுவில் மாட்டியிருக்கும். கூம்பு பிளாஸ்டிக் என்றால் வெளிச்சத்தில் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் புதுக் கூம்பு வாங்கும்வரை ஓட்ட வேண்டாம், துண்டு பெயர்ந்து சாப்பாட்டில் விழும்.

இந்த இணைப்பு உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். மிக்சரின் முன்பக்கம் மாட்டும், கறி கொத்தவும் பயன்படும் குழலுக்குள் ஒரு நீளத் திருகு சுற்றுகிறது. அது பழத்தை முன்னால் தள்ளிக்கொண்டே போய் கூம்பின் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. சதையும் சாறும் ஓட்டை வழியே கீழே இறங்க, தோலும் விதையும் நுனி வழியாக வெளியே போகின்றன. அவ்வளவுதான். இதில் வெட்டும் வேலை கிடையாது. கறி கொத்தும்போது போடும் கத்தியையும் தட்டையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் கூம்பை மாட்ட வேண்டும். ஆகவே உள்ளே போகும் பொருள் முன்பே மெத்தென்று இருக்க வேண்டும், கொட்டையும் நாரும் இருக்கக் கூடாது. பாதி வேலை அடுப்பில்தான்.

இப்போது தக்காளி. மேல் வாயில் சாறு தேங்கினால், திருகு தள்ளும் வேகத்தைவிட நீங்கள் போடும் வேகம் அதிகம் என்று அர்த்தம். மெஷினை நிறுத்தாதீர்கள், புதிதாகப் போடுவதை மட்டும் நிறுத்துங்கள். தேங்கியது இறங்கிய பிறகு அடுத்த கை போடலாம். இதை அலட்சியமாக விட்டால் சாறு பின்பக்கமாக ஏறி மிக்சரின் உள்ளே போய்விடும், அப்புறம் மெக்கானிக்கைத் தேட வேண்டியதுதான். அப்படியும் இறங்கவில்லை என்றால் மாட்டியதில் தவறு இருக்கலாம். திருகின் நுனியில் வரும் சின்ன ஸ்பிரிங் அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மிக்சர் கிச்சன்எய்ட் கம்பெனி வகை என்றால் 4-ஆம் வேகம் போதும். தள்ளுவதற்குக் கூடவே வரும் கட்டை இருக்கிறது, விரலோ கரண்டியோ உள்ளே போகக் கூடாது.

சக்கை சொதசொதவென்று வருவது குறை இல்லை. அதையே இன்னொரு முறை போடுங்கள், கெட்டியான நல்ல கூழ் இன்னும் இறங்கும்.

அதைவிட முக்கியம், தக்காளியை எப்படி வேகவைக்கிறீர்கள் என்பது. நறுக்கி அப்படியே வைத்தால், அதிலிருக்கும் நொதிகள் பெக்டினை உடைக்க ஆரம்பித்துவிடும். பெக்டின்தான் கூழுக்குக் கெட்டித்தன்மை தருவது. அது போய்விட்டால் பாட்டிலில் தண்ணீர் தனியாகவும் சதை தனியாகவும் பிரிந்து நிற்கும். அதனால் முழுவதையும் நறுக்கிக் குவிக்காமல், கொஞ்சம் நறுக்கியதும் அடுப்பில் சூடேறிய பாத்திரத்தில் போட்டு நசுக்கிக் கொதிக்க விடுங்கள். கொதி குறையாமல் மீதியைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். தோல் சுருண்டு கழன்றதும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு மெஷினில் போடுங்கள்.

மிக்சியில் அரைத்து வடிகட்டினால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். வீட்டு மீன் குழம்புக்கு நாலு தக்காளி என்றால் மிக்சிதான் சரி, இதைக் கழுவும் நேரத்தில் குழம்பே இறங்கிவிடும். ஆனால் மிக்சி விதையையும் தோலையும் உடைத்து விழுதோடு கலந்துவிடுகிறது, லேசான கசப்பும் சொரசொரப்பும் அதனால்தான். இது விதையை உடைக்காமல் வெளியே தள்ளுகிறது. விலை இறங்கும்போது பெட்டியாக வாங்கி, வடித்துச் சுண்டவைத்து, ஃப்ரீசரில் வைப்பவர்களுக்கு இது நல்ல துணை.

மிளகாய் நன்றாக வரும், அதிலும் நம் முண்டு மிளகாய். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டுக்குத் தடித்த தோல், அதனால் சதை நிறையக் கிடைக்கும். காம்பு கிள்ளி, கொதிநீரில் அரை மணி நேரமாவது ஊறவிடுங்கள். நகத்தால் அழுத்தினால் நசுங்க வேண்டும், இல்லையென்றால் அடுப்பில் வைத்து ஒரு கொதி விடுங்கள். ஊறவைத்த தண்ணீரையும் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் சிக்காது. காரம் தெறிக்கும், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பிளாஸ்டிக் கூம்பு மிளகாய் வாடையை லேசில் விடாது, ஆகையால் அன்றைக்கு மாம்பழம் இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள்.

புளியைக் கொட்டை, நார், ஓட்டுத் துணுக்கு எல்லாம் நீக்கி, வெந்நீரில் நன்றாக ஊறவைத்துப் போடலாம். ஆனால் இவ்வளவு சுத்தம் செய்த புளியைக் கையால் கரைக்கவே அதிக நேரம் ஆகாது. மொத்தமாகப் புளி விழுது காய்ச்சுபவர் என்றால் மட்டும் இதற்கு இறங்குங்கள். குழல் உலோகம் என்றால், புளி பட்டபடி ஊறவிடாமல் உடனே கழுவுங்கள்.

பனம்பழம் வேண்டவே வேண்டாம். கொட்டை பெரிது, அதை எப்படியும் எடுத்துவிடுவீர்கள். பிரச்சினை நார்தான். கொட்டையோடு ஒட்டிய அந்த நீள நார் பிய்ந்து திருகில் கயிறு போலச் சுற்றிக்கொள்ளும், மோட்டார் திணறும். சாயல்குடிப் பக்கம் பனங்காட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, பழத்தைச் சூப்பியவர்களின் பல்லிடுக்கே சாட்சி. பழத்தைச் சுட்டோ வேகவைத்தோ தோலுரித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கையால் பிசைந்து, துணியில் வடிப்பதை எந்த மெஷினும் இன்னும் ஜெயிக்கவில்லை என்பது என் கட்சி. பனம்பழத்தின் கசப்பும் சதையிலேயே இருப்பது, வடித்தால் போகாது.

மாம்பழத்திலும் இதே கணக்கு. பங்கனபள்ளி, கிளிமூக்கு போல நார் குறைந்ததைத் தோல் சீவி, கொட்டை நீக்கிப் போடுங்கள். நார் மாம்பழத்தைச் சப்பித் தின்னுங்கள். கொய்யாவுக்கு இது ரொம்பப் பொருத்தம். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்துப் போட்டால் விதை மொத்தமும் ஒதுங்கிவிடும், நோன்புக் காலத்தில் சர்பத்துக்கு அருமை. பப்பாளிக்கு இந்த மெஷினே அதிகம், கரண்டியால் மசித்தாலே போதும்.

வேலை முடிந்ததும் ஐந்து நிமிடம்கூடத் தள்ளிப்போடாமல் கழுவுங்கள். தக்காளித் தோல் காய்ந்து ஓட்டையில் ஒட்டிவிட்டால் ஊசி எடுத்துக் குத்திக்கொண்டிருக்க வேண்டும். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்றால் நாளடைவில் ஓட்டைகளில் வெள்ளையாகப் படியும், வினிகர் கலந்த வெந்நீரில் ஊறப்போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். கடைசியாக நல்ல தண்ணீரில் ஒரு அலசு. கடற்காற்றில் முதலில் துருப்பிடிப்பது நீங்கள் கழற்றி வைத்த கத்தியும் தட்டும்தான், ஈரம் போகத் துடைத்து, தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவி, மூடிய டப்பாவில் வையுங்கள்.

துபாயில் வாங்கியது என்றால் மின்சாரத்தில் சிக்கல் இல்லை, அங்கும் நம்மைப் போல 220–240 வோல்ட்தான். பிளக்கின் முனைகள் மட்டும் சதுரமாக இருக்கும், அதற்குத் தளர்வான அடாப்டரை மாட்டாமல் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பிளக்கையே மாற்றிக்கொள்ளுங்கள். எதற்கும் மிக்சரின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். அதில் 120 வோல்ட் என்று இருந்தால் அது அமெரிக்காவுக்கானது, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சுவிட்சைப் போடாதீர்கள்.