ஓட்டையா, தூசியா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் இடையில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வானம் பார்ப்பதைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதை வாசித்துத்தான் பாவித்த பைனாகுலர் ஒன்றை (10×50) வாங்கினேன். போன மாசியில் ஓரியன் நெபுலாவை, அதாவது ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் ஒளிரும் வாயு மேகத்தை, தேடிப் பிடித்தேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம். இணையத்துப் படங்களில் ரோஜா நிறமும் ஊதாவுமாக இருக்கிறது. எனக்குக் கிடைத்தது சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல். படங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் தீட்டியவையா? மிச்சம் பிடித்துப் பெரிய டெலஸ்கோப் வாங்கினால் நிறம் தெரியுமா?

இன்னொன்று. ஆடி மாதத்தில் பிள்ளைகள் சிலரை மைதானத்தில் நிறுத்திப் பால்வீதியைக் காட்டினேன். ஒரு பிள்ளை, "சேர், நடுவில ஏன் கிழிஞ்சிருக்கு? ஓட்டையா?" என்று கேட்டாள். தூசி என்றேன். "தூசியப் பாக்கவா இந்தக் குளிருல கூப்பிட்டீங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. பாடசாலையில் ஓர் இரவை இதற்கென்று ஒதுக்க நினைக்கிறேன். எப்போது வைக்கலாம், எதைக் காட்டலாம்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் டெலஸ்கோப் கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்வோம்.

ஓட்டை என்று அவள் மட்டும் நினைக்கவில்லை. 1781இல் யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் விருச்சிகப் பக்கம் துழாவிக்கொண்டிருந்தபோது நட்சத்திரமே இல்லாத ஓர் இடத்தைக் கண்டு, வானத்தில் நிஜமாகவே ஒரு துளை இருக்கிறது என்று வியந்தாராம். பக்கத்திலிருந்து குறிப்பெடுத்த தங்கை கரோலின் முதிய வயதில் கடிதமொன்றில் இதை எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகும் நூறு வருடத்துக்கு மேல் பலர் அதைத் துளை என்றே நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை அசைத்தவர்களில் எட்வர்ட் எமர்சன் பர்னார்ட் முக்கியமானவர். அவருடைய கதையை உங்கள் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். 1857இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பிறந்தார். பிறக்கும் முன்பே தகப்பன் இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் போனது ஏறக்குறைய இரண்டு மாதம். ஒன்பது வயதிலேயே ஒரு புகைப்படக் கடையில் வேலை. படம் பெரிதாக்கும் கருவியைச் சூரியன் நகர நகர அதன் பக்கமே திருப்பிக்கொண்டிருப்பதுதான் அந்தச் சிறுவனின் வேலை. பிற்காலத்தில் பால்வீதியைப் படமெடுப்பதில் அவருக்கு நிகர் ஆளில்லை என்ற நிலை வந்தது. தன் படங்களில் விழுந்த கறுப்புத் திட்டுகளை அவரும் நெடுநாள் வெறும் இடைவெளி என்றே எண்ணியிருந்தார். 1913 கோடையில் ஓர் இரவு, நிலவில்லாத தெளிந்த வானம். தனுசுப் பக்கத்துப் பால்வீதியின் மேல் சின்னச் சின்ன மேகத் துண்டுகள் மிதந்து போவதைப் பார்த்தார். நமது பூமியின் மேகம்தான், வேறொன்றுமில்லை. பின்னால் இருந்த நட்சத்திர வெளிச்சத்தில் அவை மைத்துளி போலக் கறுத்துத் தெரிந்தன, தன் படங்களில் உள்ள திட்டுகளைப் போலவே. 1919இல் 182 கரிய திட்டுகளின் பட்டியலை அவர் வெளியிட்டபோது அந்த இரவைப் பற்றியும் எழுதினார்.

எனக்கு இந்தக் கதை பிடிப்பதற்குக் காரணம் நம்முடைய மலைதான். மேகத்தோடு வாழ்கிறவர்கள் நாம். நகரத்தில் இருப்பவர்களுக்கு இரவு மேகம் வெள்ளையாகவோ செம்மஞ்சளாகவோதான் தெரியும், கீழேயிருந்து லைட் அடிப்பதால். நுவரெலியா டவுனிலும் ஹட்டனிலும் இப்போது அப்படித்தான். ஆனால் டவுனிலிருந்து விலகிய ஒரு மேட்டு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில், நிலவில்லாத இரவில் நின்று பாருங்கள். வருகிற மேகம் கன்னங்கரேலென்று நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு போகும். மேகம் கறுப்பாகத் தெரிந்தால் உங்கள் வானம் நல்ல வானம். அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். பிள்ளையிடமும் இதையே காட்டலாம்: மேகம் போகிறது, நட்சத்திரம் மறைகிறது, மேகம் விலகியதும் திரும்ப வருகிறது. பால்வீதியின் நடுவில் கிடக்கும் கறுப்பும் அப்படி ஒரு மேகம்தான். விலக மட்டும் மாட்டாது.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். ஏப்ரல் 1ஆம் திகதி அமாவாசை. டீசல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. அந்த நாட்களைத் திரும்ப வேண்டுகிற பைத்தியக்காரன் அல்ல நான். ஆனாலும் மழை விட்டிருந்த இரவுகளில் எங்கள் பக்கம் தெரிந்த வானத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. தெற்கில் மலை முகட்டுக்கு மேலே சிலுவை நட்சத்திரங்கள். அவற்றுக்குக் கீழே இடப்பக்கம், வெறுங்கண்ணுக்கே தெரிகிற ஒரு கரிய பள்ளம். கரிச்சாக்கு நெபுலா என்பது அதுதான், சுமார் 600 ஒளியாண்டு தூரத்தில். ஐரோப்பாவில் இருப்பவர்கள் தங்கள் ஊரிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. அடிவானத்துக்கு மேல் அது எழுவதில்லை. ஏழு பாகை வட அகலாங்கில் பிறந்ததால் நமக்கு அது சும்மா கிடைக்கிறது.

அடுத்தது அவளுடைய இரண்டாவது கேள்வி. தூசியைப் பார்க்கவா கூப்பிட்டீர்கள்? ஆமாம், தூசியைப் பார்க்கத்தான்.

வயதான சிவப்பு நட்சத்திரங்கள் தங்கள் மேற்பரப்பை வெளியே ஊதித் தள்ளும்போது அதில் கரியும் மணற்சத்தும் உறைந்து துகளாகின்றன. ஒரு துகள் ஒரு மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவு. நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள மொத்தப் பொருளில் நிறைப்படி இது நூற்றில் ஒரு பங்குதான், மற்றதெல்லாம் வாயு. கரிய மேகத்தின் நடுவில் இருக்கும் அடர்த்தி, நம் ஆய்வுகூடங்களில் கஷ்டப்பட்டு உண்டாக்கும் வெற்றிடத்தைவிடக் குறைவு என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அப்படியிருந்தும் பின்னாலுள்ள வெளிச்சம் முழுவதும் அடைபட்டுப் போகிறது, ஏனென்றால் மேகத்தின் தடிப்பு ஒளியாண்டுக் கணக்கில். சர்ப்பதாரி நட்சத்திரக் கூட்டத்துப் பக்கம் பர்னார்ட் 68 என்று ஒரு கரிய மேகம் இருக்கிறது. அரை ஒளியாண்டு அகலம். சாதாரணப் படத்தில் முழுக் கறுப்பு. தூசியை ஊடுருவி வரும் அகச்சிவப்பு ஒளியில் எடுத்தால் அதே இடத்தில் பின்னாலிருக்கும் நட்சத்திரங்கள் ஊடாகத் தெரிகின்றன. உங்கள் மாணவி கேட்டதற்கு இதைவிட நேரடியான விடை கிடையாது.

இந்தத் தூசி இல்லையென்றால் புதிய நட்சத்திரம் பிறப்பதே கடினம். இரண்டு ஐதரசன் அணுக்கள் வெட்டவெளியில் தாமாகச் சேர்வது அரிது; துகளின் மேல் ஒட்டித்தான் சேர்கின்றன. வெளியிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் உள்ளே நுழையாமல் தடுப்பதும் தூசிதான். அதனால் உள்ளே குளிர்ந்து, குளிர்ந்து, பூச்சியத்துக்குக் கீழே 260 பாகைக்கும் அப்பால் போகிறது. அந்தக் குளிரில்தான் வாயு தன் பாரத்தாலேயே சுருங்கத் தொடங்கும். கேட்டை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், ஏறக்குறைய 450 ஒளியாண்டு தூரத்தில், இப்படி ஒரு மேகத்துக்குள் இந்த நேரத்திலும் நட்சத்திரங்கள் உருவாகிக்கொண்டிருக்கின்றன.

இப்போது நிறம். படங்கள் பொய்யல்ல. ஆனால் எல்லாப் படமும் ஒரே வகை உண்மையும் அல்ல. ஓரியனின் ரோஜாச் சிவப்பு ஐதரசன் விடும் ஒளி. கமெரா அதை நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் சேர்த்து எடுக்கிறது. இருட்டில் வேலை செய்யும் நம் கண்ணின் கோல்கலங்களுக்கு அந்தச் சிவப்பு கிட்டத்தட்டத் தெரியாது. 1995இல் ஹபிள் விண்வெளி டெலஸ்கோப் எடுத்த, தூண் போல நிற்கும் வாயு, தூசி மேகங்களின் பிரபலமான படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஐதரசனுக்குப் பச்சை, ஒட்சிசனுக்கு நீலம் என்று ஆய்வாளர்கள் பிரித்துக் கொடுத்தார்கள். எந்த இடத்தில் எந்த மூலகம் இருக்கிறது என்று காட்டுவதற்கான ஏற்பாடு அது. அதைச் சுவரில் மாட்டிவிட்டு, போய்ப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று நினைப்பதில்தான் கோளாறு.

நீங்கள் விண்கலத்தில் ஏறி ஓரியன் நெபுலாவுக்குப் பக்கத்தில் போனாலும் அது இப்போதைவிடப் பளிச்சென்று தெரியப்போவதில்லை. கிட்டப் போகப் போக வரும் வெளிச்சம் கூடும், ஆனால் அதே அளவுக்கு அது வானத்தில் பரந்தும் விடும். ஒரு துண்டு இடத்தின் பிரகாசம் மாறாது. உங்கள் சாம்பல் மங்கல் வானத்தின் பாதியை நிறைக்கும் சாம்பல் மங்கலாகும், அவ்வளவுதான். பெரிய டெலஸ்கோப்புக்கும் இதே கணக்கு. உருவம் பெரிதாகும், விவரம் கூடும், ஓரியனின் நடுப்பகுதியில் இலேசான பச்சை தெரியலாம். ரோஜா நிறம் வராது. அந்தப் பச்சைக்கும் ஒரு வரலாறு உண்டு: 1864இல் வில்லியம் ஹகின்ஸ் என்ற வானியலாளர் ஒரு நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்துப் பச்சைக் கோடுகளைக் கண்டார். பூமியில் இல்லாத ஏதோ மூலகம் என்று எண்ணி அதற்கு நெபுலியம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். 1927இல் ஐரா போவன் என்ற பௌதிகவியலாளர் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் அது இரண்டு இலத்திரனை இழந்த சாதாரண ஒட்சிசன் என்று தெரிந்தது.

ஆகவே சம்பளத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். உங்கள் பைனாகுலருக்கு ஒரு முக்காலி வாங்குங்கள். கை நடுக்கம் நின்றாலே ஓரியனின் மங்கலுக்கு இரண்டு சிறகு இருப்பது தெரியும். நேராக முறைக்காமல் சற்று ஓரமாகப் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் போனை எடுக்காதீர்கள். இது எல்லாவற்றிலும் கஷ்டமானது.

அந்த இரவை எப்போது வைப்பது? எங்கள் ஹட்டன் பக்கத்தில் தை, மாசி, பங்குனிதான் காலம். அதிலும் தையில் மிகத் தெளிந்த இரவு என்றால் தலவாக்கலை, அக்கரபத்தனைப் பக்கம் பனியில் கொழுந்து கருகும் இரவாக இருக்கும். மேகம் இல்லாததால் தரையின் சூடு முழுக்க மேலே போய்விடுகிறது. எனக்குக் கொண்டாட்டம், தோட்டத்துக்கு நட்டம். வைகாசியில் தென்மேல் மழை பிடித்துவிட்டால் புரட்டாசி வரை நாங்கள் வானத்தையே மறந்துவிடுவோம். நீங்கள் இருப்பது மலையின் மறுபக்கம். நாங்கள் நனைகிற ஆடி, ஆவணியில் ஊவாவில் காய்ந்த காற்றடிக்கிறது. பால்வீதியின் நடுப்பகுதி முன்னிரவில் உச்சிக்கு ஏறுவதும் அதே மாதங்களில். எங்களுக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது, பொறாமையோடுதான் எழுதுகிறேன்.

போயா (பௌர்ணமி) கழிந்து ஒரு கிழமைக்குப் பிறகு அமாவாசை வரை ஏதாவது ஒரு நாள். இரவு ஒன்பதரைக்குத் தெற்கே பார்க்க நிறுத்துங்கள். விருச்சிகத்தின் சிவந்த கேட்டை, அதன் வளைந்த வால், அதற்குக் கிழக்கே தனுசு. தனுசின் நட்சத்திரங்களை வெள்ளைக்காரர்கள் தேநீர்ப் போச்சி என்று சொல்வார்கள். நம் காம்பராக்களில் அந்தப் பாத்திரம் இருந்ததில்லை, பங்களாவில்தான் உண்டு. ஆனாலும் பிள்ளைகள் உடனே அடையாளம் பிடிப்பார்கள். அதன் மூக்கிலிருந்து வடக்கே தலைக்கு மேலாகப் போகிறது அந்தக் கிழிசல். கரிச்சாக்கைப் பார்க்க வேண்டுமானால் சித்திரை வருடப் பிறப்பை ஒட்டி, இரவு பதினொரு மணிக்கு, தெற்குச் சரிவு திறந்திருக்கும் அப்புத்தளைப் பக்கம் போக வேண்டும். பகல் முழுக்கப் பனிமூட்டம் ஏறுகிற இடம் என்பதால் நம்பிப் போக முடியாது. பிள்ளைகளைக் கூட்டிப்போகவும் வேண்டாம்.

மைதானமே போதும். தேயிலைக்குள் இறங்க விடாதீர்கள், சிறுத்தை நடமாட்டம் உங்களுக்கே தெரியும். பெற்றோரில் சிலரையும் வரச் சொல்லுங்கள். பக்கத்து லயங்களில் வெளி லைட்டை ஒரு மணித்தியாலம் அணைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். தோட்டத் தலைவரைக் கொண்டு கேட்பித்தால் சுலபம். டோர்ச்சுக்குச் சிவப்புச் செலோபன் கட்டுங்கள்.

ஆளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, நட்சத்திரங்களை விட்டுவிட்டுக் கறுப்பை மட்டும் வரையச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையை முதலில் வரைய விடுங்கள். தாளின் பின்பக்கம் நேரத்தையும் திசையையும் குறிக்கச் சொல்லவும் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மறுநாள் வகுப்பில் எது மேல், எது கீழ் என்று சண்டை வரும்.

அன்புடன்.