ஆச்சியின் அண்டாவும் பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீடும்

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். பெரிய வீடு. இருப்பதோ நான், மாமியார், இரண்டு பிள்ளைகள். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். போன ஐப்பசியில் சின்னவனுக்கு டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். எங்கள் தெருவில் சாக்கடையே கிடையாது. வீட்டையும் துடைத்துத் துடைத்து வைக்கிறேன். அப்படியும் எப்படி வந்தது? பக்கத்து வீடு வருஷம் முழுக்கப் பூட்டியே கிடக்கும், பிள்ளையார் நோன்புக்குத்தான் திறப்பார்கள். மாமியாருக்கு 70 வயது, சர்க்கரை உண்டு, இருதயத்துக்கும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார் (வெள்ளை, சின்னது). வளவில் (நடுமுற்றத்தில்) அண்டா வைத்து மழைத்தண்ணீர் பிடித்து, அதைத்தான் குடிக்கக் கொடுப்பார். வேண்டாம் என்றால், 'இதைக் குடித்துத்தான் நாலு பிள்ளை வளர்த்தேன்' என்கிறார். நிலவேம்புக் கஷாயம் கொடுத்துக்கொண்டே இருந்தால் போதுமா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

'எங்கள் தெருவில் சாக்கடையே கிடையாது' என்ற வரியை இரண்டு முறை படித்தேன். சாக்கடையில் வளர்வது வேறு கொசு. ராத்திரி காதருகே ரீங்காரம் போட்டு, யானைக்கால் நோயைப் பரப்புவது அதுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும், நிழல் வேண்டும், கடிக்கப் பக்கத்திலேயே ஆள் வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில் இருப்பது உங்கள் வளவில். நீங்கள் எவ்வளவு துடைத்தாலும் துடைப்பம் போகாத இடத்தில்தான் அது குடித்தனம் நடத்துகிறது.

முதலில் அண்டா. மாமியார் ஆச்சி சொல்வதை நான் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஆறு கிடையாத இந்த வறண்ட மண்ணில் ஊருணியையும் ஓட்டிலிருந்து இறங்கும் தண்ணீரையும் நம்பித்தான் இத்தனை பெரிய வீடுகள் கட்டினார்கள். நாலு பக்கத்துச் சரிவும் முற்றத்தில் இறங்கும்படி வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். மழைத்தண்ணீரில் பருப்பு வேகிற வேகமே தனி. எங்கள் ஆயா (பாட்டி) வீட்டில் மழை இறங்கினால் போதும், பெரியவர்கள் சின்னவர்கள் எல்லோரும் கிடாரத்தையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை ஓடுவோம்.

ஆனால் ஆயா வீட்டில் அன்றைக்கு இருபது பேர். ஓர் அண்டாத் தண்ணீர் ரெண்டு நாளில் காலி. உங்கள் வீட்டில் நாலு பேர். அதே அண்டா, அதே தண்ணீர், பத்து நாளைக்குக் கிடக்கிறது. ஏடிஸ் முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஆச்சியின் வழக்கம் மாறவில்லை, வீட்டில் ஆள்தான் குறைந்துபோனது.

இதில் பலர் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. தண்ணீரைக் கொட்டிவிட்டோமே என்று நிம்மதியாக இருப்பார்கள். இந்தக் கொசு முட்டையைத் தண்ணீருக்குள் போடுவதைவிட, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஈரச் சுவரில்தான் ஒட்டி வைக்கும். மிளகுத்தூள் தூவினது போல் கறுப்பாக, கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரிலேயே இருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. அடுத்த மழையில் தண்ணீர் அந்த மட்டம் வரை ஏறினால் பொரிந்துவிடும். அதனால் கவிழ்த்தால் போதாது, தேய்க்க வேண்டும்.

இதற்கென்று புதிதாக ஒரு நாள் ஒதுக்கச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள், நானும் செய்ய மாட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் வெள்ளிக்கிழமைக்காகக் குத்துவிளக்குத் தேய்ப்பீர்கள் அல்லவா? அந்தப் புளியோடும் தேங்காய் நாரோடும் அண்டாவின் உள்சுவர் முழுவதையும் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் அதற்குள் கொசு பறக்க நேரம் இருக்காது.

அண்டா வாயில் வேட்டித்துணி கட்டுகிறீர்கள் என்றால், மத்தளம் போல் விறைப்பாக இருக்க வேண்டும். துணி தொய்ந்து தண்ணீரைத் தொட்டால், அந்த ஈரத்துணியிலேயே கொசு உட்கார்ந்து முட்டையிடும். பருவத்தின் முதல் மழையைப் பிடிக்காதீர்கள். ஓட்டில் ஆறு மாதமாகப் படிந்த தூசியும் புறா எச்சமும் வௌவால் புழுக்கையும் அதில்தான் வரும். ஓடு நன்றாகக் கழுவின பிறகு பிடியுங்கள், வடிகட்டுங்கள், தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். செம்புக் குடத்தில் ஊற்றி வைத்தால் கிருமி சாகும் என்று ஆச்சி சொல்லக்கூடும். அதில் உண்மை உண்டு. ஆனால் அடுப்புக்குப் பதில் செம்பு என்று வைத்துக்கொள்ள முடியாது. ஆறின தண்ணீருக்குள் டம்ளரோடு விரலையும் சேர்த்து முக்கினால் கொதிக்க வைத்த கேஸ் வீண். நீளக் காம்பு அகப்பை ஒன்று போட்டு வையுங்கள்.

அப்புறம் பின்கட்டுக்குப் போங்கள். பழைய உரல், ஆட்டுக்கல் கிடக்கிறதா? மிக்ஸி, கிரைண்டர் வந்த பிறகு இந்தப் பக்கம் கல் இல்லாத கொல்லை கிடையாது. அந்தக் குழியில் தேங்கும் ரெண்டு ஆழாக்குத் தண்ணீர் போதும், தெருவுக்கே கொசு சப்ளை செய்யும். என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் என் வீட்டிலேயே டெங்கு வந்தது. மாடித் தொட்டி, கிணற்றடி, தென்னை மட்டை என்று ஒன்றுவிடாமல் தேடினேன். கடைசியில் வாசலில் அழகுக்கு வைத்திருந்த ஆட்டுக்கல். செம்பருத்திப் பூ மிதக்க விட்டிருந்தோம். பூவை விலக்கிக் கல்லை லேசாகத் தட்டினேன். நூல் நூலாக நெளிந்துகொண்டு அத்தனையும் கீழே இறங்கின. தண்ணீரில் எது இருக்கிறது என்று தெரிய இப்படித் தட்டிப் பாருங்கள், புழு இருந்தால் மேலே நிற்காது. கல்லைப் புரட்ட முடியாவிட்டால் குழியில் மணலைக் கொட்டி நிரப்பிவிடுங்கள். பூ விட்ட உருளி, மணிபிளாண்ட் பாட்டில், பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, ஓட்டுச் சரிவின் தகரத் தூம்பில் இலை அடைத்துத் தேங்கும் தண்ணீர் எல்லாம் இதே கணக்குத்தான். சாயங்காலம் சாம்பிராணி போடுவதில் தப்பில்லை, ஆனால் இந்தக் கொசு பகலில் கடிக்கும். காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதிகம். பிள்ளைகள் பகலில் தூங்கினாலும் வலை கட்டுங்கள்.

பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீடுதான் உங்களுக்கு உண்மையான தலைவலி. ஏடிஸ் பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். ஆகவே உங்கள் வீட்டில் ஒரு சொட்டுகூடத் தேங்காவிட்டாலும், மதிலுக்கு அந்தப் பக்கம் முற்றம் நிறைந்து கிடந்தால் பயனில்லை. சாவி யாரிடமாவது இருக்கும், பங்காளி வீட்டிலோ காவல்காரரிடமோ. மழைக்காலம் முடியும் வரை வாரம் ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லிப் பேசுங்கள். வேலைக்கு ஆள் வைத்தால் பணம் அனுப்புவதில் அவர்கள் கணக்குப் பார்க்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன், வீட்டை நினைத்து ஏங்குகிறவர்கள்தான். அசையவே இல்லையென்றால் ஊராட்சியில் எழுத்தில் கொடுங்கள். கொசு வளரும்படி தண்ணீர் தேங்க விட்ட வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க 1939-ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே இடம் உண்டு. சிங்கப்பூரில் பூந்தொட்டித் தட்டில் புழு இருந்தால்கூட அபராதம் போடுவார்கள், உங்கள் கணவரைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் அவரையே பேசச் சொல்வதும் நல்லது. ஆண்பிள்ளை பேசினால்தான் காது கொடுப்பார்கள் என்பது எரிச்சலான விஷயம், ஆனாலும் வேலை ஆக வேண்டுமே.

இனி காய்ச்சல். சின்னவன் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். டெங்கு வைரஸில் நாலு வகை. ஒன்று வந்து போனால் அந்த ஒன்றுக்குத்தான் எதிர்ப்பு நிற்கும். வேறு வகை ரெண்டாவது தடவை தொற்றினால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். எனவே இந்த வருஷம் காய்ச்சல் என்றால், 'போன வருஷம் டெங்கு வந்த பிள்ளை' என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள். முதல் ஐந்து நாளுக்குள் எடுக்கும் ரத்தப் பரிசோதனை வேறு, அதற்குப் பிறகு எடுப்பது வேறு. நாள் தெரியாமல் எடுத்தால் 'இல்லை' என்று வந்து நம்மை ஏமாற்றும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், பிள்ளையின் எடைக்குத் தகுந்த அளவில். உடனே குறைய வேண்டும் என்று ஊசி கேட்டு வாங்காதீர்கள். புரூபன், டைக்ளோபினாக், ஆஸ்பிரின் எல்லாம் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும். அம்மாக்கள் ஏமாறுவது நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் விட்ட பிறகு. உடம்பு சில்லென்று ஆனதும் சந்தோஷப்பட்டு ரசம் சாதம் பிசைவோம். ஆபத்தான கட்டம் பல பிள்ளைகளுக்கு அப்போதுதான் ஆரம்பம், ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். விடாமல் வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுதல், காரணமில்லாத சிணுங்கல் அல்லது சுருண்டு படுத்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை. இதில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி இரண்டு மணி என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தட்டணு (பிளேட்லெட்) எத்தனை என்று மட்டும் மணிக்கொரு தரம் கேட்டுப் பயப்படுவதைவிட, எத்தனை டம்ளர் குடித்தான், எத்தனை தடவை சிறுநீர் போனான் என்று எழுதி வைப்பது டாக்டருக்கு உதவும்.

நிலவேம்புக் கஷாயத்தை நான் தடுக்க மாட்டேன். அரசே கொடுத்ததுதான். குடிக்கட்டும். ஆனால் அதைக் குடித்தாயிற்றே என்று பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்று நாள் கஷாயத்தில் ஓட்டிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சல் எல்லாமே டெங்கு என்றும் இல்லை. மழைக்கும் அதை ஒட்டிய பனிக்கும் நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் வருகிறது. புதரும் புல்லும் மண்டிய கொல்லையில், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல் கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் காட்ட மாட்டார்கள். அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம், இடுப்பில் அரைஞாண் படும் இடம், இவற்றைக் காய்ச்சல்காரரைக் குளிப்பாட்டுகிற சாக்கில் பார்த்துவிடுங்கள். பொருக்கு எல்லோருக்கும் இருக்காது, ஆனால் இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. சரியான மாத்திரை விலை குறைவு. தாமதமானால்தான் நுரையீரல், மூளை என்று போகும். துவைத்த துணியைச் செடி மேல் காயப் போடாதீர்கள்.

எலிக்காய்ச்சலுக்கு ஆச்சியைத்தான் நினைத்தேன். எலியின் சிறுநீர் கலந்த தேங்கின தண்ணீரில் பித்தவெடிப்போ சேற்றுப்புண்ணோ உள்ள காலை வைத்தால் கிருமி உள்ளே போய்விடும். கண் சிவந்து, கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கும். சர்க்கரைக்காரருக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருப்பதால் புண் இருப்பதே தெரியாது. வெறுங்காலோடு கொல்லைக்குப் போவதை ஆச்சி நிறுத்தச் சம்மதிக்க மாட்டார். பேரனை விட்டு, பின்கட்டு வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி விரலிடுக்குகளைத் துடைத்து ஈரம் போக்கி, ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம், அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீருக்கு (பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டருக்கு) ஒன்று. ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போடாதீர்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், எல்லாம் தலைதட்டி. கிணற்றுத் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றுகிறீர்கள் என்றால் 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து விடுங்கள். தீபாவளிக்கு மிஞ்சின பலகாரத்தைவிட, மிஞ்சின தேங்காய்ச் சட்னிக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

கடைசியாக ஆச்சியின் அந்த 'வெள்ளை, சின்னது'. அது ஆஸ்பிரினாக இருந்தால், காய்ச்சல் வந்த நாளில் நீங்களாக நிறுத்தவும் கூடாது, டாக்டரிடம் சொல்லாமல் தொடரவும் கூடாது. வெள்ளையாய்ச் சின்னதாய் இருக்கிற மாத்திரைகள் மருந்துக் கடையில் நூறு இருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கடிதத்தில் அந்தப் பெயரையும் எழுதுங்கள்.