வின்னிபெக் குளிருக்கு என்ன போடுவது? கேள்வி பதில்

கனடாவின் வின்னிபெக் நகரத்தில் இது எனக்குப் பதினோராவது குளிர்காலம். ஜனவரியில் இங்கே வருகிறவர்கள் நிறையக் கேட்டிருந்தீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அக்கா, மதுரையிலிருந்து படிக்க வருகிறேன். இங்கேயே தடிமனாக ஒரு ஜாக்கெட் வாங்கிவிட்டேன், போதுமா?

போதாது தம்பி. ஜனவரி இரவுகளில் சாதாரணமாகவே மைனஸ் 20 இருக்கும், காற்றும் சேர்ந்தால் சில நாள் மைனஸ் 40 போல உறைக்கும். மூன்று அடுக்காகப் போடுங்கள்: உடம்போடு ஒட்டி தெர்மல் (குளிர் தாங்கும் உள்ளாடை), அதன் மேல் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கைத் துணி) அல்லது கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்று புகாத, தொடை வரை வருகிற பார்க்கா என்கிற தடித்த கோட். அடுக்குகளுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அதனால் இறுக்கமாக வாங்காதீர்கள். பஸ்ஸில் ஏறியதும் ஜிப்பைத் திறந்துவிடுங்கள், உள்ளே வியர்த்து அந்த ஈரத்தோடு இறங்கினால் எவ்வளவு விலை கொடுத்த கோட்டும் காப்பாற்றாது. தெர்மலை ஊரிலேயே வாங்கலாம். பார்க்காவும் பூட்ஸும் இங்கே வந்து, போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பருத்தி பனியன் மேல் ஸ்வெட்டர் போடலாமா? சாக்ஸ் இரண்டு ஜோடி?

பருத்தி வேண்டவே வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ பாருங்கள். சாக்ஸும் ஒரு தடித்த கம்பளி ஜோடி போதும். இரண்டைத் திணித்து பூட்ஸுக்குள் விரலை ஆட்ட முடியாமல் போனால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும்.

அம்மா வருகிறார். சேலைதான் கட்டுவேன் என்கிறார், காதில் எப்போதும் ஜிமிக்கி. என்ன செய்ய?

சேலைக்கு வழி இருக்கிறது. பாவாடைக்குள் தெர்மல் பேன்ட், ரவிக்கைக்குள் முழுக்கை தெர்மல், காலில் பூட்ஸ், தெருவில் நடக்கும்போது கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் பனி உருகத் தெருவில் தூவுகிற உப்பும் பனிச்சேறும் ஓரத்தில் ஏறிவிடும்.

ஜிமிக்கியை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, காதை மூடுகிற குல்லா போடச் சொல்லுங்கள். முதல் வருடம் காதை மூடாத குல்லாவோடு பஸ்ஸுக்காக இருபது நிமிடம் நின்றேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் காது மடலின் நுனி மெழுகு போல வெளுத்திருக்கிறது, கிள்ளினாலும் உறைக்கவில்லை. அந்த மாதிரி நேரத்தில் தேய்க்கக் கூடாது, சூடான தண்ணீரும் கூடாது, வெதுவெதுப்பான துணியை ஒற்றியெடுத்தால் மெல்ல உணர்வு திரும்பும். திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ உடனே மருத்துவமனை. காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 40-ஐத் தாண்டினால் மூடாத தோல் 5 முதல் 10 நிமிடத்தில் உறையலாம், அம்மாவிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டு வயதுக் குழந்தையைக் காரில் கோட்டோடு உட்கார வைக்கலாமா?

கூடாது. பட்டை இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், மோதினால் கோட் அமுங்கி, பட்டை தளர்ந்து குழந்தை நழுவிவிடும். கோட்டைக் கழற்றி, பட்டையை மாட்டி, மேலே போர்வை போடுங்கள். கழுத்துக்கு நீளமான மஃப்ளர் வேண்டாம், எதிலாவது மாட்டி இறுக்கிவிடும். தலைவழியாகப் போடுகிற கழுத்துக் குழாய்தான் நல்லது.

கையுறை எது? போன் பார்க்க வேண்டுமே.

நான்கு விரலும் ஒன்றாக இருக்கிற மிட்டன், உள்ளே ஒரு மெல்லிய கையுறை. போன் பார்க்க மிட்டனை மட்டும் கழற்றுங்கள். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கி அணைந்துவிடும்.