வாசகர் கேள்வி – பதில்: சின்க்ரோட்ரானில் என்னதான் பார்ப்பது?

கேள்வி: கல்லூரியிலிருந்து ஒரு சின்க்ரோட்ரான் ஒளி ஆய்வு மையத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அந்த ஒளியைக் கண்ணால் பார்க்க முடியுமா?

பதில்: முடியாது என்றே நினைத்துக்கொண்டு கிளம்புங்கள், ஏமாற மாட்டீர்கள். சின்க்ரோட்ரான் என்பது எலக்ட்ரான்களை வளையமான குழாய்க்குள் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஓடவிடும் இயந்திரம். அந்த எலக்ட்ரான்களைக் காந்தம் வளைக்கும்போது அவை ஒளியை உமிழ்கின்றன. அதில் ஆராய்ச்சிக்கு அதிகம் பயன்படுவது எக்ஸ்-ரே, அதுவும் குழாய்க்குள்ளேயே ஓடி ஈயம் பதித்த அறைக்குள் முடிந்துவிடும். 1947-ல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் இது முதன்முதலில் கண்ணில் பட்டதற்குக் காரணமே, அந்த இயந்திரத்தின் குழாய் கண்ணாடியாக இருந்ததுதான். இப்போதெல்லாம் கட்டுப்பாட்டு அறைத் திரையில் அதன் பிம்பத்தைக் காட்டுவார்கள். சின்னதாக ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

கேள்வி: அப்புறம் எதைப் பார்க்கத்தான் போவது?

பதில்: முதலில் அலுமினியத் தாளைப் பாருங்கள். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய இடத்தில் குழாய்களையெல்லாம் சமையலறைத் தாளில் சுற்றி வைத்திருக்கிறார்களே என்று சிரிப்பு வரும். உள்ளே காற்றே இருக்கக்கூடாது. குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஈரத்தை விரட்ட மணிக்கணக்காகச் சூடாக்குவார்கள், அந்தச் சூடு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் பரவத்தான் இந்தத் தாள்.

அடுத்தது அளவு. பிரான்சில் கிரெனோபிள் நகரிலுள்ள மையத்தின் வளையச் சுற்றளவு 844 மீட்டர், எலக்ட்ரான்கள் அதை நொடிக்கு சுமார் 3,55,000 முறை சுற்றுகின்றன. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் வளையம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல், அதனால் ஆராய்ச்சியாளர்கள் மூன்று சக்கர சைக்கிளில்தான் கூடத்தைச் சுற்றி வருவார்கள்.

ஏதாவது ஒரு பீம்லைனில் (வளையத்திலிருந்து ஒளிக்கற்றையை ஆய்வு அறைக்குக் கொண்டுவரும் பாதை) நின்று ஆராய்ச்சியாளர்களிடம் பேச்சுக் கொடுங்கள், அதுதான் முக்கியம். ஒரு அறையில் திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி வைத்த புரதப் படிகத்தை ரோபோ கை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும் (செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக வெங்கி ராமகிருஷ்ணன் உள்ளிட்ட மூவருக்கு 2009-ல் நோபல் கிடைத்ததும் இப்படிப்பட்ட படிகங்களை வைத்துத்தான்), பக்கத்து அறையில் பேட்டரி ஓடும்போதே அதற்குள் என்ன மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரவு பகலாக மையம் ஓடும், கிடைத்த நேரத்தை விட்டால் மறுபடி விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும், ஆகவே அவர்கள் தூக்கக் கலக்கத்தில் பதில் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கதிர்வீச்சு என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: நீங்கள் நடக்கும் இடத்துக்கும் எலக்ட்ரான் ஓடும் இடத்துக்கும் நடுவே கனமான கான்கிரீட் சுவர் இருக்கும். எக்ஸ்-ரே வரும் அறையை மூடுமுன் ஒருவர் உள்ளே சுற்றி வந்து, ஆளில்லை என்று பார்த்து, ஆங்காங்கே இருக்கும் பொத்தான்களை அழுத்திவிட்டு வெளியேறி, கதவைப் பூட்டினால்தான் ஒளிக்கற்றைக்கு வழி திறக்கும். ஒருவேளை அப்போது யாராவது கதவைத் திறந்துவிட்டாலும் கற்றை உடனே நின்றுவிடும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் காந்தங்கள் இருப்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: எந்த நேரத்தில் போவது நல்லது?

பதில்: முடிந்தால் பராமரிப்புக்காக நிறுத்தி வைத்திருக்கும் நாட்களில் கேட்டுப் பாருங்கள். இயந்திரம் ஓடும்போது எலக்ட்ரான்கள் ஓடும் சுரங்கப்பாதைக்குள் யாரையும் விடமாட்டார்கள். நிறுத்தியிருந்தால் சில மையங்களில் உள்ளேயே கூட்டிப் போய், வரிசையாக நிற்கும் காந்தங்களைப் பக்கத்திலேயே காட்டுவார்கள். ஆராய்ச்சி நடப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் ஓடும் நாளில் போங்கள். எப்படியும் நடக்க நிறைய இருக்கும், சரியான ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.